ஓடைக்கரையில் கிடைத்த எலும்பு எங்கள் சித்தப்பாவுடையதா என்று அறிய, யார் மாதிரி கொடுக்க வேண்டும்?

மேற்குமலையான் (வண்டிப்பெரியாறு):

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனாரின் தம்பி 9 ஆண்டுகளுக்கு முன் ஆடி மழையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. அப்போதே புகார் கொடுத்திருந்தோம். சென்ற மாதம் அந்தத் தோட்டத்தின் மேல் எல்லையில், ஓடை அரித்துச் சரிந்த கரையில் மனித எலும்புகள் தென்பட்டிருக்கின்றன. காவல் நிலையத்திலிருந்து அழைத்து, இரத்த சொந்தத்தில் யாராவது ஒருவர் வந்தால் போதும், டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்றார்கள்.

சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா பாட்டி இல்லை. என் அப்பாவும் 4 ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் சின்னமனூரில் இருக்கும் அத்தை ஒருவர்தான். அவருக்கு 74 வயது. முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏறவே சிரமப்படுவார். எங்கள் வீட்டில் நான், தம்பி, தங்கை, அம்மா ஆகிய நால்வர் இருக்கிறோம். நான் ஒருவன் போய்க் கொடுத்தால் போதுமா, அல்லது அத்தையை எப்படியாவது குமுளி மலை ஏற்றி அழைத்துவர வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு:

தம்பி, வீணாக அலைய வேண்டாம். டிஎன்ஏ என்றால் 99.99 விழுக்காடு உறுதி என்று எல்லாத் தீர்ப்புகளிலும் படிக்கிறோம். அண்ணன் மகன் என்றால் அதே இரத்தம்தானே? நீங்கள் போய் விரலை நீட்டுங்கள், அது போதும்.

ஆய்வுக்கூடத்தான் (திருவனந்தபுரம்):

இதற்கு முன் எழுதியவரை மறுத்தே தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த 99.99 என்பது பெரும்பாலும் தகப்பன், பிள்ளை வழக்குகளில் வரும் எண். சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் அதைத் தூக்கி வைத்துப் பேச முடியாது. 22 ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மரபணுத் தொடரில் சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு சொல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண்ணிக்கையைத்தான் குறியீடாக எடுக்கிறோம். எஸ்டிஆர் என்பது இதுதான். டிஹெச்01 என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவருக்கு 6 முறையும் 9 முறையும் இருக்கலாம். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. சிலருக்கு 9.3 என்று வரும். ஒன்பது முழுச் சொற்களோடு, நான்கு எழுத்தில் ஒன்று குறைந்த ஓர் அரைகுறைச் சொல்லும் இருக்கிறது என்று அதற்குப் பொருள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதை அச்சுப்பிழை என்று நினைத்து முதல் நாளே என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவின் டிஎன்ஏ களஞ்சியத்தில் முதலில் இப்படி 13 இடங்களைப் பார்த்தார்கள்; 2017 ஜனவரி முதல் 20 இடங்கள். நம் ஆய்வகங்கள் வாங்கும் கருவிப் பெட்டிகளும் அந்த அளவிலோ அதற்குச் சற்று மேலோதான் பார்க்கின்றன.

தகப்பனும் மகனும் என்றால் இருபது இடத்திலும் குறைந்தது ஓர் எண் பொருந்தியே ஆக வேண்டும். அரிதாக, ஆயிரத்தில் ஓரிரு முறை, எண் ஒன்று கூடியோ குறைந்தோ போகும்; அதனால்தான் ஓர் இடம் பொருந்தவில்லை என்ற உடனே உறவில்லை என்று நாங்கள் எழுதுவதில்லை. சித்தப்பாவுக்கும் உங்களுக்கும் இடையே அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. ஓர் இடத்தில் உங்கள் தகப்பனார் வழியாக வந்த எண் சித்தப்பாவிடமும் இருக்க வாய்ப்பு சரிபாதி. பத்து இடத்தில் ஒன்றுமே ஒட்டாமல் போனாலும் நீங்கள் உண்மையான அண்ணன் மகனாக இருக்கலாம். பத்து இடத்தில் ஒட்டினாலும் யாரோ ஒருவராக இருக்கலாம். இதனால்தான் நாங்கள் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று ஒரு சொல்லில் முடிப்பதில்லை. இவர் அந்த உறவாக இருந்தால் இப்படி எண்கள் அமைய எவ்வளவு வாய்ப்பு, சம்பந்தமில்லாத ஆளாக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் வகுத்து, இத்தனை மடங்கு என்று எழுதுகிறோம். தகப்பன் மகன் கணக்கில் இந்த மடங்கு எளிதில் இலட்சங்களைத் தாண்டும். சித்தப்பா, அண்ணன் மகன் கணக்கில் அது பத்திலோ ஐம்பதிலோ நின்றுவிடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவே நீங்கள் மட்டும் போதாது. மூன்று பிள்ளைகளும் வாருங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

மேற்குமலையான்:

மிக்க நன்றி ஐயா. அம்மா எதற்கு என்று மட்டும் புரியவில்லை. அவர் சித்தப்பாவுக்கு அண்ணிதானே, இரத்த சொந்தம் இல்லையே?

ஆய்வுக்கூடத்தான்:

இரத்த சொந்தம் இல்லாதவர் என்பதால்தான் அவர் தேவைப்படுகிறார். இறந்துபோன உங்கள் தகப்பனாரின் எண்களை உங்கள் மூவரிடமிருந்தும் மீட்டெடுக்கப் பார்க்கிறோம். உங்களிடம் 7, 9 என்று இரண்டு எண் இருந்தால், எது அப்பா கொடுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் 7 இருந்து 9 இல்லை என்றால், 9 அப்பாவுடையது. இப்படிக் கழித்துக்கொண்டே போகலாம். ஒரு பிள்ளை தகப்பனின் பாதியைத் தாங்கியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் முக்கால் பங்கு. மூன்று பிள்ளைகள் என்றால், சராசரியாக எட்டில் ஏழு பங்கு. அப்படித் தேற்றி எடுத்த அப்பாவைச் சித்தப்பாவின் எலும்புக்கு அருகில் அண்ணனாக நிறுத்தலாம். அண்ணன் மகன் ஒருவனை மட்டும் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

இது புதிய உத்தி அல்ல. அலெக் ஜெஃப்ரீஸ் இங்கிலாந்தின் லெஸ்டரில் 1984 செப்டம்பரில் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு கொலை வழக்கில் அல்ல. கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனின் குடியேற்ற வழக்கில். அவனைத் தன் பிள்ளை என்று சொன்ன பெண்ணுக்கு அவன் மகன் அல்ல, அவளுடைய சகோதரியின் மகனாக இருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். தகப்பன் கிடைக்கவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத மற்ற பிள்ளைகளை வைத்துத்தான் தகப்பனின் டிஎன்ஏ வரிகளை மீட்டு, பையன் அவள் பெற்ற மகனே என்று ஜெஃப்ரீஸ் காட்டினார். எங்கள் தொழில் பிறந்ததே பெற்ற பிள்ளையா, உடன்பிறந்தாள் பிள்ளையா என்ற கேள்வியில்தான்.

தேயிலைத்தோட்ட ஆசிரியை (மூணாறு):

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. ஆனால் பெட்டிமுடியைப் பார்த்தவள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியபோது 70 பேர் போனார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். 66 உடல்கள் கிடைத்தன, நான்கு பேர் கிடைக்கவேயில்லை. ஆற்றோடு கிலோமீட்டர் கணக்கில் இறங்கிப்போனவற்றை எடுத்து வந்தார்கள். ஒரே லயத்தில் தாய், பிள்ளைகள், மாமன், மச்சான் என்று குடும்பமாகப் போயிருந்தபோது, அடையாளம் சொல்ல யார் மிஞ்சினார்கள் என்பதே பெரும் கேள்வியாக இருந்தது.

அப்போது என் மனத்தில் எழுந்து, இன்றுவரை விடை தெரியாத ஒன்றை இங்கே கேட்டுவிடுகிறேன். தாய் தகப்பன் உயிரோடு இருந்து, இரண்டு ஆண் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தால், பெற்றோரின் இரத்தத்தை வைத்து இது மூத்தவன், இது இளையவன் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

ஆய்வுக்கூடத்தான்:

முடியாது, அம்மா. இரண்டு உடல்களும் அதே பெற்றோருக்கு ஒரே அளவில் பொருந்தும். இன்னாருடைய பிள்ளை என்பது வரைதான் பெற்றோர் மாதிரி கொண்டுபோய் விடும். அதற்கு மேல் பல், எலும்பின் வயது, உடுத்தியிருந்த துணி, பழைய எலும்பு முறிவு ஆகியவைதான் பேச வேண்டும். மூத்தவனுடைய சீப்பு, பல் தேய்க்கும் தூரிகை, பாலபருவத்தில் விழுந்து எடுத்து வைத்த பல் என்று அவனுடையதே ஏதாவது கிடைத்தால் வேறு விஷயம். லயத்தோடு அவையும் போய்விட்ட இடத்தில் அதற்கும் வழியில்லை. மகனும் மகளும் என்றால் பிரிக்கலாம்.

அதிலும் ஒரு நெருடல் உண்டு. ஆணா பெண்ணா என்று காட்ட நாங்கள் பார்க்கும் அமெலோஜெனின் என்ற மரபணுவின் ஒய் பகுதி (ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் இருப்பது), நம் நாட்டு ஆண்கள் சிலருக்கு இயல்பாகவே விடுபட்டிருக்கிறது. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் அறிவியலாளர்கள் இதை 2002இல் எழுதினார்கள். அந்த ஒரு குறியை மட்டும் நம்பினால் ஆண் உடலைப் பெண் என்று எழுதிவிட நேரும். இப்போது ஒய் குரோமோசோமில் வேறு இடங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போனபோது நிலைமை இன்னும் கடினம். சாலியாறு உடல்களையும் உடற்பகுதிகளையும் நிலம்பூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. புத்துமலையில் பெயருக்குப் பதில் எண்ணிட்டு அடக்கம் செய்தார்கள். மாதிரி பொருந்தியபின் சில எண்களுக்குப் பெயர் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பகுதியை ஒரு குடும்பத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. எல்லாப் பகுதிகளையும் எல்லாக் குடும்பங்களோடும் ஒப்பிட வேண்டும். ஒப்பீடுகள் பெருகப் பெருக, தற்செயலாக ஒட்டிப்போகும் ஆபத்தும் பெருகும். தனி வழக்கில் ஆயிரம் மடங்கு என்பது நல்ல எண்ணாகத் தோன்றும். நூற்றுக்கணக்கானவர்கள் காணாமல் போன இடத்தில் அதே ஆயிரத்தை வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கு:

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று சொல்கிறார்களே, தாய் வழியில் மாறாமல் வருமாமே, அதை வைத்து ஒரே அடியாக முடித்துவிட முடியாதா?

ஆய்வுக்கூடத்தான்:

அதற்குத்தான் வரவிருந்தேன், ஏனெனில் இவருடைய வழக்கு பழைய எலும்பு. தேயிலைக்கும் ஏலத்துக்கும் உகந்த நம் மலைமண் புளிப்பு மண். எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். 9 மழைக்காலம் கிடந்த எலும்பில் இருபது இடமும் படிக்கக் கிடைத்தால் அது நல்லூழ். தொடையெலும்பின் நடுப்பகுதி, கடைவாய்ப் பல், காதுக்கு உள்ளிருக்கும் கல் போன்ற எலும்பு ஆகியவற்றில்தான் முதலில் தேடுவோம். உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ இரண்டே பிரதி. கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். எனவே மற்றது சிதைந்தபின்னும் இது கிடைக்கும். 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையம் அது. தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் தருவாள். மகள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள்.

ரஷ்ய ஜார் குடும்பத்தின் எலும்புகளை 1991இல் யெகாத்தரின்பர்க் அருகே தோண்டி எடுத்தபோது, ராணியையும் பெண் பிள்ளைகளையும் உறுதி செய்ய இங்கிலாந்து இளவரசர் ஃபிலிப்பின் இரத்தத்தை வாங்கினார்கள். அவர் ராணிக்கு அக்காள் மகளின் மகன். நடுவில் பெண்களாகவே வந்ததால் வளையம் அறுபடவில்லை.

ஆனால் இது ஆளை அடையாளம் காட்டாது, வழியைத்தான் காட்டும். ஒரே ஊரிலிருந்து மலையேறி வந்து, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்), ஒரே வளையம் பத்து வீட்டில் இருக்கும். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமும் அப்படித்தான். அது பொருந்தினால் பங்காளி என்று தெரியும். எந்தப் பங்காளி என்று தெரியாது.

நகரிவாசி (சித்தூர் மாவட்டம்):

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத் தமிழ்க் குடும்பங்களிலும் தெலுங்குக் குடும்பங்களிலும் அக்காள் மகளைக் கட்டுவது இன்றும் உண்டு. நான் மரபியல் படித்தவன், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் அல்ல. எனவே தவறு இருந்தால் ஐயா திருத்த வேண்டும்.

ஒருவர் தன் சொந்த அக்காள் மகளைக் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய மைட்டோகாண்ட்ரியா அவருடைய தாய் தந்தது. அதே தாய் அக்காளுக்கும் தந்தாள், அக்காள் தன் மகளுக்குத் தந்தாள். ஆக, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வளையம்! அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதேதான். தகப்பனுடைய வளையம் பிள்ளைக்கு வராது என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பி, மனைவியின் மாதிரியை வைத்து இது கணவனின் எலும்பு அல்ல என்று ஒதுக்கவும் முடியாது, அவன்தான் என்று ஏற்கவும் முடியாது. அத்தை மகளைக் கட்டிய வீட்டில் மனைவியின் வளையம் கணவனுடைய தகப்பனின் வளையமாக இருக்கும். மாமன் மகளைக் கட்டினால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொன்று. நம் உறவுச் சொற்களை ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பெரியப்பா, சித்தப்பா மகனையும் அண்ணன் தம்பி என்கிறோம். பெரியம்மா, சித்தி மகனையும் அண்ணன் தம்பி என்கிறோம். முதல் வகையில் ஒய் குரோமோசோம் பொது. இரண்டாம் வகையில் மைட்டோகாண்ட்ரியா பொது. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் இரண்டுமே பொதுவில்லை. அவர்கள்தாம் கட்டிக்கொள்ளும் முறை! எந்தக் குரோமோசோமும் தெரியாத காலத்தில் வகுத்த முறை இப்படிப் பொருந்தி வருவது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் இந்த எல்லா அண்ணன் தம்பிகளும் சகோதரன் என்ற ஒரே சொல்லாக மாறிவிடுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தான்:

நகரிவாசி சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. முறை வகுத்தவர்கள் பரம்பரை வழியைப் பார்த்துத்தான் வகுத்தார்கள், பொருந்துவதில் வியப்பில்லை என்று வேண்டுமானால் சொல்வேன். கடைசி வரி மிக முக்கியம். படிவத்தில் சகோதரன் என்று எழுதிக் கொண்டுவந்தவர், கேட்டுப் பார்த்தால் பெரியப்பா மகனாக இருப்பார். கூடப் பிறந்தவன் என்று வைத்து நாங்கள் கணக்குப் போட்டால், உண்மையான உறவினரையே உறவில்லை என்று தள்ளிவிடும். எந்திரத்தில் பிழை இருக்காது. நாங்கள் கேட்ட கேள்வியே பிழையாகிவிடும்.

சொந்தத்தில் கட்டும் வழக்கம் இன்னொரு பக்கமும் கணக்கைக் குழப்பும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துத் திருமணம்; கேரளத்தில் அது மிகக் குறைவு. மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த பிள்ளைக்கு எட்டில் ஓர் இடத்தில் இரண்டு எண்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே எண்ணாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் பிள்ளைக்கு பதினாறில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக இப்படிக் கட்டியிருந்தால், தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவினர் போலத் தோன்றுவார். குடும்ப மரத்தைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் இதையும் சேர்த்துக் கணக்கிட மென்பொருள் இருக்கிறது. மரத்தைப் போட்டுக் கொடுப்பது குடும்பத்தின் வேலை.

வண்டிப்பெரியாற்றுத் தம்பிக்கு நேரான கேள்வி: உங்கள் அம்மா அப்பாவுக்குச் சொந்தமா? அத்தை, அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா? தெரியும் என்று நினைக்காமல் அத்தையிடமே கேளுங்கள்.

பாலக்காட்டு வழக்குரைஞர்:

சட்டப் பக்கத்தில் சில சொற்கள். இந்தியாவில் டிஎன்ஏ சான்றை வைத்து முடிவு செய்த முதல் தந்தைமை வழக்கு நம் கேரளத்துத் தலச்சேரியில்தான் நடந்தது. ஐதராபாத் சிசிஎம்பியின் லால்ஜி சிங் 1980களின் இறுதியில் அதற்குச் சாட்சியம் அளித்தார். அவருடைய முறைதான் பிறகு ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் பயன்பட்டது.

காணாமல் போய் 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 111ஆம் பிரிவு. சொத்து, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு இந்த எலும்பின் முடிவு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தார் என்றுதான் அந்தப் பிரிவு ஊகிக்கும். எந்த நாளில் இறந்தார், எப்படி இறந்தார் என்று ஊகிக்காது. ஒருவேளை இயற்கைச் சாவு அல்ல என்றால், எலும்பு யாருடையது என்ற விடையில்தான் விசாரணையே தொடங்கும்.

குடும்பத்தோடு மாதிரி கொடுக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். எலும்புக்காகப் பார்க்கும் சோதனை, உயிரோடு இருப்பவர்களுடைய பிறப்பைப் பற்றி யாரும் கேட்காத செய்தியையும் வெளியே கொண்டுவந்துவிடும். திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையதே என்று சட்டம் கொள்கிறது (முன்பு 112, இப்போது 116). சட்டம் அப்படிக் கொள்வதற்கும் எந்திரம் காட்டுவதற்கும் மோதல் வரும் வழக்குகளை உச்ச நீதிமன்றமே பலமுறை எதிர்கொண்டிருக்கிறது. இந்தச் செய்திகளை யார், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கென்று கொண்டுவந்த மசோதாவை ஒன்றிய அரசு 2023இல் திரும்பப் பெற்றுவிட்டது. எனவே ஒப்புதல் படிவத்தில், இந்த ஒரு அடையாளப் பணிக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு:

அத்தையை மலையேற்றாமல், அவர் ஊரிலேயே எடுக்க வழியில்லையா?

ஆய்வுக்கூடத்தான்:

உண்டு. விசாரணை அதிகாரி எழுதிக் கேட்டால் அங்குள்ள அரசு மருத்துவமனையில் எடுக்கலாம். ஊதா மூடிக் குழாயில் இரத்தமோ, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்தோ எடுப்பார்கள். குச்சி என்றால் நன்றாகக் காற்றாட உலர்ந்தபின்னரே காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை தின்றுவிடும். உறையில் பெயரும், யாருக்கு என்ன முறை என்பதும், சாட்சி கையெழுத்தும், அரக்கு முத்திரையும் வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தொடர் அறுந்தால், எத்தனை மடங்கு என்று நாங்கள் எழுதினாலும் பயனில்லை.

மேற்குமலையான்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சென்ற ஞாயிறு சின்னமனூர் போனேன். ஐயா சொன்னபடி அத்தையின் முன்னால் ஒரு தாளை விரித்து, தாத்தாவில் தொடங்கி எழுதினேன். பாட்டி பெயரைக் கேட்டபோது அத்தை ஒரு பெயர் சொன்னார். அது எனக்குத் தெரிந்த பாட்டியின் பெயர் இல்லை.

எங்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அத்தை மூத்த தாரத்துப் பிள்ளை. அத்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவரைப் பெற்றவர் மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டார். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று, இறந்தவரின் சொந்தத் தங்கையையே தாத்தாவுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தங்கைதான் என் அப்பாவையும் சித்தப்பாவையும் பெற்றவர். நாங்கள் அறிந்த பாட்டி. "சின்னம்மான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, அம்மான்னுதான் கூப்பிட்டேன்" என்றார் அத்தை. என் அம்மா உறவில் இல்லை, வெளிச் சம்பந்தம்தான் என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

தாய் வேறு என்றால் அத்தையின் மாதிரி இனிப் பயன்படாதா என்று மலை ஏறும் வழியெல்லாம் கவலையாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தான்:

பயன்படும், நன்றாகவே பயன்படும். தாய்மார் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால், அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வளையம் ஒன்றேதான். உங்கள் வீட்டில் வேறு யாரிடமும் அது இல்லை. உங்கள் அப்பாவோடு அது நின்றுவிட்டது. எலும்பில் மைட்டோகாண்ட்ரியா மட்டும் கிடைக்குமானால் பேசக்கூடியவர் அத்தை ஒருவர்தான். ஒய் குரோமோசோமுக்கு நீங்களும் உங்கள் தம்பியும். இரண்டும் சேர்ந்து பொருந்தினால், தாத்தா வழி ஒரு கயிறு, பாட்டி வழி ஒரு கயிறு. இரண்டும் ஒரே ஆளில் வந்து முடியும் இடம் மிகச் சிலருக்கே உண்டு.

இருபது இடக் கணக்கில்தான் கவனம் வேண்டும். கூடப் பிறந்தவர்கள் ஓர் இடத்தில் எதையும் பொதுவாகப் பெறாமல் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தகப்பன் மட்டும் ஒன்று, தாய்மார் அந்நியர் என்றால் இரண்டில் ஒன்று. உங்கள் வீட்டுக் கதைப்படி தகப்பன் ஒன்று, தாய்மார் அக்கா தங்கை என்பதால் எட்டில் மூன்று. நடுவில் நிற்கும் உறவு இது. முக்கால் உடன்பிறப்பு என்று நாங்கள் எங்களுக்குள் சொல்வோம். எலும்பும் அத்தையும் ஆறு இடத்தில் சற்றும் ஒட்டவில்லை என்று வையுங்கள். கூடப் பிறந்தவர் என்று தவறாக எழுதியிருந்தால், அந்த ஆறு இடங்களின் மடங்கு நாலாயிரத்தில் ஒன்று என்று விழும். சரியான உறவை எழுதினால் 360இல் ஒன்று. பதினோரு மடங்கு வேறுபாடு, ஒரு பெயரைக் கேட்டு எழுதியதால் மட்டும். மற்ற இடங்கள் இதை ஈடுகட்டலாம், கட்டாமலும் போகலாம். ஆனால் அரைகுறையாகப் படிக்கக் கிடைக்கும் எலும்பில் இந்தப் பதினொன்று வழக்கையே சாய்க்கும்.

தேயிலைத்தோட்ட ஆசிரியை:

எங்கள் டிவிஷனிலும் இப்படிக் கட்டி வைத்த வீடுகள் பல உண்டு. வெளியே சொல்வதில்லை, பிள்ளைகளுக்குள் வேற்றுமை வரக்கூடாது என்பார்கள். பிரட்டுக்களத்துப் (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துப்) பேரேட்டில்கூட ஒரே தாயின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள்.

மேற்குமலையான்:

நேற்று எல்லாம் முடிந்தது. நாங்கள் நால்வரும் இங்கே கொடுத்தோம். அத்தைக்குச் சின்னமனூரிலேயே எடுத்து, முத்திரையிட்டு, ஒரு காவலர் கையோடு கொண்டுவந்தார். படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் சகோதரி என்று ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டும் என்றேன். எழுத்தர் முதலில் ஒப்பவில்லை; தகப்பன் ஒன்றுதானே, அப்புறம் என்ன என்றார். கட்டம் சிறியது. அதை அடித்து, பின்பக்கம் பார்க்க என்று குறித்து, தாளின் பின்புறத்தில் குடும்ப மரத்தை முழுதாக வரைந்து, தாத்தாவுக்குக் கீழே இரண்டு பாட்டிகளின் பெயரையும் எழுதி, இருவரையும் அக்கா தங்கை என்று ஒரு கோட்டால் இணைத்தேன். அதிகாரி அதன் கீழேயும் கையெழுத்திட்டார்.

முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். வந்ததும் இங்கே எழுதுகிறேன். சித்தப்பாதான் என்றால் எலும்பைக் கையில் கொடுப்பார்களா, பெட்டியில் வருமா என்று அத்தை இரவு தொலைபேசியில் கேட்டார். அது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டு வழக்குரைஞர்:

வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் கொடுப்பார்கள். மனுவை அத்தையின் பெயரில் போடுங்கள், எழுதித் தருகிறேன்.